குட்டநாட்டு வாத்தும் கோழிக் கணக்கும்

ஆலப்புழாவில் இருந்து சங்கனாச்சேரிக்குப் பஸ்ஸில் போனால், சாலையின் இரு பக்கமும் வயல்கள் பள்ளத்தில் கிடக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் மேலே நிற்க, நெல் அதற்குக் கீழே விளைகிறது. கடல் மட்டத்துக்கும் கீழே வெள்ளாமை நடக்கும் குட்டநாடு இது. பங்குனி, சித்திரையில் அறுவடை முடிந்ததும் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய வாத்துகள் இறங்கும். கருந்தலை மின்னும் சாரா, செம்பு நிறச் செம்பல்லி இரண்டும் இந்த மண்ணின் இனங்கள்.

இவை முட்டையிடுவதில் கெட்டி. அடை உட்காருவதில் அப்படி இல்லை. அதனால் வாத்து முட்டையை அடைக்கோழிக்கு வைப்பது இங்கே பழைய வழக்கம். இன்று அந்த வேலையை இன்குபேட்டர் செய்கிறது. நம் வீடுகளிலும் சிறிய இன்குபேட்டர்கள் வந்துவிட்டன. ஆனால், கோழிக்குப் போடும் அதே கணக்கை வாத்துக்கும் போட்டால் பாதி முட்டை ஓட்டுக்குள்ளேயே வீணாகும். முட்டைக் காசும் கரண்ட் காசும் சேர்ந்து போகும்.

வாத்து பெரும்பாலும் விடிவதற்குள் முட்டையிடும். பட்டி சேறாக இருந்தால் ஓட்டின் நுண்துளை வழியே கிருமி உள்ளே போகும். எனவே, உலர்ந்த வைக்கோல் பரப்பி, விடிந்ததும் முட்டையை எடுங்கள். பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சேறு அப்பியது அடைக்கு ஆகாது. ஒரு வாரத்துக்குள் அடை வையுங்கள்.

கோழிக்கு 21 நாள். வாத்துக்கு 28 நாள். ஃபேன் உள்ள இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். தினமும் நான்கைந்து முறை திருப்புங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, கரு இல்லாததை எடுத்துவிடுங்கள். கெட்ட முட்டை வெடித்தால் பக்கத்து முட்டைகளும் கெடும்.

அடைகாக்கும் வாத்து இரைக்கு எழுந்து போய், நனைந்த இறகோடு திரும்பி வந்து உட்காரும். இன்குபேட்டரில் அதை நாம்தான் செய்ய வேண்டும். இரண்டாவது வாரத்தில் இருந்து தினமும் ஒருமுறை பத்து நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். 25-ம் நாள் திருப்புவதையும் தெளிப்பதையும் நிறுத்தி, ஈரப்பதத்தை 75 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றுங்கள். அதன்பிறகு அடிக்கடி மூடியைத் திறந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டில் கீறல் விழுந்தும் குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும்.

பொரிக்காத முட்டைகளைக் குப்பையில் போடும் முன் உடைத்துப் பாருங்கள். கருவே இல்லையென்றால் ஆண் வாத்தையும் முட்டையின் பழமையையும் கவனிக்க வேண்டும். முழுதாக வளர்ந்து செத்திருந்தால் வெப்பம், ஈரப்பதம், திருப்புதல் மூன்றையும் பாருங்கள். நாற்றம் அடித்தால் பட்டியில் இருந்து ஆரம்பியுங்கள்.