வாசல் மணியில் ஒரு பெயர்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு ஆசீர் பெறப் பங்கு இல்லத்துக்கு வரும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றனர். கல்விக்கடன், விசா, விமானச் சீட்டு ஆகியவற்றைப் பற்றிப் பெற்றோர் விரிவாகப் பேசுவர். "போய் இறங்கியதும் எங்கே தங்குவான்?" என்று கேட்டால், "அதெல்லாம் காலேஜிலேயே குடுத்துருவாங்க சாமி" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. படிக்க இடம் தரும் பல்கலைக்கழகம் படுக்கவும் இடம் தரும் என்பதற்கு உறுதியில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நடந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விழைகிறேன்.

2003ஆம் ஆண்டு செப்டம்பரில் இறையியல் மேற்படிப்புக்காக நான் பெல்ஜியம் நாட்டு லூவன் நகருக்குச் சென்றேன். 1425இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் வழங்கிய ஆணையால் தோன்றிய பல்கலைக்கழகம் அங்குள்ளது. மாணவருக்குத் தங்க இடமளிப்பது அந்நகருக்குப் புதிதன்று. அங்கே பேராசிரியராக இருந்து பின்னர் திருத்தந்தையான ஆறாம் ஏட்ரியன் 1523இல் இறந்தபோது, லூவனில் இருந்த தம் இல்லத்தை ஏழை இறையியல் மாணவர்கள் தங்கிப் பயிலும் கல்லூரியாக்கும்படி உயில் எழுதி வைத்திருந்தார். பெகின் எனப்பட்ட பக்தியுள்ள பெண்கள் 13ஆம் நூற்றாண்டு முதல் கூடி வாழ்ந்த செங்கல் வீடுகளின் குடியிருப்பு ஒன்றும் அங்கு உண்டு. அதைப் பல்கலைக்கழகம் 1962இல் விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு, மாணவர்க்கும் அயல்நாட்டு அறிஞர்க்கும் உறைவிடமாக்கியது. 1998இல் அது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

ஆயினும் வருவோர் எல்லாருக்கும் இவ்விடங்கள் போதா. பெரும்பாலோர் தனியார் வீடுகளில் அறை தேட வேண்டும். ஒரு துறவு இல்லத்தார் எனக்கு இரண்டு வாரம் விருந்தினர் அறையைத் தந்தனர். அதற்குள் வேறிடம் பார்த்தாக வேண்டும். மாணவர் அறையை அவ்வூரார் 'கொட்' என்கின்றனர். சிறு குடிலுக்கும் விலங்குகளை அடைக்கும் பட்டிக்கும் அவர்கள் மொழியில் வழங்கும் சொல் அது. ஒலியிலும் பொருளிலும் நம் 'கொட்டிலை' அது ஒத்திருப்பது தற்செயலே. எனினும் ஆண்டவர் பிறந்த கொட்டிலை நினையாமல் என்னால் அச்சொல்லை உச்சரிக்க இயலவில்லை.

பல்கலைக்கழக அலுவலகம் தந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். தொலைபேசியில் "அறை இருக்கிறது, வாருங்கள்" என்ற ஒரு வீட்டுக்காரர், கதவைத் திறந்து என்னைக் கண்டதும், "சற்று முன்புதான் வேறொருவருக்குக் கொடுத்தேன்" என்றார். மூன்று நாள் கழித்து அவ்வழியே சென்றேன். 'வாடகைக்கு' என்ற தாள் அதே ஜன்னலில் இருந்தது. அன்று மாலை புனித அந்தோணியார் சிற்றாலயத்தில் தந்தை தமியான் கல்லறையருகே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளருக்கு மொலோக்காய்த் தீவில் தம் கையாலேயே வீடுகள் கட்டிக்கொடுத்தவர் அவர். 1936இல் அவரது உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு அங்கே வைக்கப்பட்டது. 2009இல் திரு அவை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இரண்டாம் வாரத்தின் இறுதியில், கணவரை இழந்த ஒரு மூதாட்டி தம் மாடி அறையைத் தர இசைந்தார். அறையைக் காட்டும்போது கையில் ஒரு தாளும் எழுதுகோலும் வைத்திருந்தார். கைகழுவும் தொட்டியில் மயிரிழை போன்ற விரிசல், சுவரில் பழைய கறை, மேசையின் ஆடும் கால் என ஒவ்வொன்றையும் குறித்து, இருவரும் கையொப்பமிட வேண்டும் என்றார். "இது உங்களைக் காப்பதற்காகத்தான், ஃபாதர். நீங்கள் வெளியேறும்போது இந்த விரிசலுக்கு யாரும் உங்களிடம் பணம் கேட்கலாகாது" என்று விளக்கினார். சந்தேகம் போலத் தோன்றும் அத்தாள் எளியவனுக்குக் காவல் என்பதை அந்த அம்மையார் சொல்லித்தான் அறிந்தேன்.

பின்னர் என் பெயரைத் தட்டச்சிட்டு வாசல் மணியின் அருகில் ஒட்டினார். அது வெறும் வழக்கமன்று. அந்நாட்டில் தங்கிப் படிக்க வருபவர் எட்டு வேலை நாள்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அம்முகவரியில் உண்மையாகவே குடியிருக்கிறாரா என்று காவலர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அதன் பின்னரே தங்கும் உரிமைக்கான அட்டை வழங்கப்படும். காவலர் வாசலில் நின்றால் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும் ஊரிலிருந்து சென்ற எனக்கு, அவர் மணியடித்த காலையில் சிறிது நடுக்கமே உண்டாயிற்று. அவரோ கட்டிலையும், மேசைமேல் கிடந்த நூல்களையும், ஆணியில் தொங்கிய அங்கியையும் பார்த்துப் புன்னகைத்து, "இங்கே வாழ்கிறீர்கள், சரி" என்று குறித்துக்கொண்டு போனார். எனக்குப் பாதி சாவி அந்த மூதாட்டியிடமும் மீதி அச்சொல்லிலும் கிடைத்தது.

மற்றவை மெல்ல மெல்லச் சேர்ந்தன. படிப்பை முடித்துத் திரும்பிய கேரள மாணவர் ஒருவர் தம் குக்கரை விட்டுச் சென்றார். அவருக்கும் அது முந்தைய மாணவர் ஒருவர் தந்ததாம். போர்வையும் மேசைவிளக்கும் பழம்பொருள் கடையில் வாங்கினேன். பொதுச் சமையலறையில் நான் கடுகு தாளித்த முதல் நாள் எல்லா அறைக் கதவுகளும் திறந்தன. அன்றே அனைவர் பெயரும் தெரிந்தது.

புறப்படவிருக்கும் பிள்ளைகளுக்கு இவ்வளவு சொல்வேன். வீட்டையோ அதற்குப் பொறுப்பானவரையோ நேரில் பாராமல், நம்பத்தகுந்த ஒருவரைக் கொண்டும் பார்க்கச் செய்யாமல் பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரரே. ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். தண்ணீர், மின்சாரம், குளிர்காய்ச்சும் செலவு ஆகியவை வாடகையில் அடங்குமா என்று கேளுங்கள். லூவன் அமைந்துள்ள பிளாண்டர்ஸ் பகுதியில் 2019 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, மாணவர் அறைக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கலாகாது. செல்லும் நாட்டின் சட்டத்தை அவ்வாறே முன்கூட்டி அறிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு வாரத் தங்கலுக்கு ஏற்பாடு செய்யாமல் விமானம் ஏறாதீர்கள்.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். யோவான் நற்செய்தியில் முதற்சீடர் இருவர் இயேசுவிடம் கேட்ட முதல் கேள்வி, அவர் தங்கியிருக்கும் இடத்தைப் பற்றியது. அவர் முகவரி சொல்லி அனுப்பவில்லை. தம்மோடு அழைத்துச் சென்றார். அப்போது மாலை ஏறத்தாழ நான்கு மணி என்பதைக்கூட நற்செய்தியாளர் மறவாமல் எழுதி வைத்தார். அந்நியனாய் நின்ற தன்னை ஒருவர் வீட்டுக்குள் அழைத்த வேளையை எவரும் மறப்பதில்லை.

நம் பிள்ளைகளுக்கு அத்தகைய வேளை வாய்க்க வேண்டும் என்று திருப்பலிக் கருத்துக் கொடுக்கிறோம். நம் தெருக்களிலும் 'வீடு வாடகைக்கு' என்ற பலகைகள் தொங்குகின்றன. அவற்றைப் பார்த்து மணியடிக்கும் மணிப்பூர் மாணவியிடமும், பீகார்த் தொழிலாளியிடமும், ஆப்பிரிக்க மாணவனிடமும், ஏன், சாதி கேட்டு நிறுத்தப்படும் நம் சொந்த மக்களிடமும் "இப்போதுதான் கொடுத்தோம்" என்று சொல்லும் வீடுகள் நம் பங்கிலும் உண்டு. இம்மாத அன்பியக் கூட்டங்களில், யார் வீட்டில் அறை காலியாக உள்ளது, யாருக்குத் தரலாம் என்பதையும் பேசுங்கள். பட்டியலைப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். அறை தேடி வருவோரை நான் அனுப்பி வைக்கிறேன்.