அடுத்த கடைக்காரர் அனுப்பிவைத்தவர்கள்

வீடு, மனை தரகுத் தொழிலில் இருப்பவர்களிடம் நிலம் இருக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எங்களிடம் ஒரு சதுர அடி நிலமும் கிடையாது. எங்களிடம் இருப்பவை பெயர்கள் மட்டுமே. விற்க நினைப்பவர் பெயர், வாங்க நினைப்பவர் பெயர், அவற்றுக்கு எதிரே பத்து இலக்க எண்கள். சுவரொட்டி ஒட்டுவதும், வரி விளம்பரம் கொடுப்பதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேச்சுக் கொடுப்பதும் இந்தப் பெயர்களைச் சேர்ப்பதற்காகத்தான். ஆகவே ஒரு தரகர் தன்னைத் தேடிவந்த ஒருவரை, யாரும் கேட்காமலேயே, தன் போட்டியாளரிடம் அனுப்பிவைக்கிறார் என்றால் அது இத்தொழிலின் இயல்புக்கு நேர் எதிரான செயல்.

டேவிட் மாமெட்டின் ‘கிளென்கேரி கிளென் ராஸ்’ நாடகத்தை இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். 1983-இல் லண்டனில் முதலில் மேடையேறியது. 1984-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1992-இல் திரைப்படமாகவும் வந்தது. சிகாகோவில் ஒரு மனை விற்பனை அலுவலகம். வாங்கக்கூடியவர்களின் விவரம் எழுதிய அட்டைகள் யாருக்குக் கிடைக்கும் என்பதே அங்கே விற்பனையாளர்களின் வாழ்வும் சாவும். ஓர் இரவு அந்த அட்டைகள் களவு போகின்றன. போட்டி நிறுவனத்துக்கு விற்பதற்காக நடக்கும் களவு அது. அங்கே பூட்டை உடைத்துத் திருடப்படுவது, இங்கே எங்கள் வாசலுக்குத் தானாக நடந்து வருகிறது. மகிழ்வதா, அஞ்சுவதா என்று தெரியாமல் நாங்கள் விழித்த நாட்கள் பல.

நாங்கள் இருவர். தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும், பழைய வீடுகளின் மறுவிற்பனையும் வாடகையும் எங்கள் வேலை. இந்த எல்லைக்குள் எத்தனை தரகர்கள் இருக்கிறார்கள் என்று எண்ண முயன்று கைவிட்டிருக்கிறோம். பெரிய பலகை வைத்த நிறுவனங்கள் ஒருபுறம்; தேநீர்க்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர் என்று பகுதிநேரக்காரர்கள் மறுபுறம். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து முனையம் திறந்தபின் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. இந்த நெரிசலுக்கு நடுவே ஆண்டுக்கு ஏழெட்டு முறையாவது ஒரு போட்டியாளரின் குரல் தொலைபேசியில் ஒலிக்கும்: “அண்ணே, ஒரு பார்ட்டிய அனுப்புறேன். பாத்து முடிச்சுக் குடுங்க.”

ஏன் அனுப்புகிறார்? பெரும்பாலான காரணங்கள் சாதாரணமானவை. அவருடைய எல்லை பல்லாவரத்தோடு முடிகிறது. வந்தவருக்கு ஊரப்பாக்கத்தில் வீடு வேண்டும். அல்லது அடுக்குமாடி விற்பவர் அவர். வந்தவர் எட்டாயிரம் ரூபாய் வாடகைக்கு ஓர் ஒற்றைப் படுக்கையறை கேட்கிறார். இத்தகைய வரவுகளில் சிக்கல் இல்லை. கிடைக்கும் தரகில் ஒரு பங்கை அனுப்பியவருக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அமெரிக்காவில் இதற்கென்று கால் பங்கு என்றொரு பொதுவான கணக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தமும் உண்டு என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பாதிக்குப் பாதி; ஒப்பந்தம் வாய்ச்சொல். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது என்றாலும், அது புதிய மனைப்பிரிவுகள், குடியிருப்புத் திட்டங்கள் பற்றியது. ஒரு பெரியவர் தான் குடியிருந்த பழைய வீட்டை விற்பது அதன் வரம்புக்குள் வருவதில்லை.

சிக்கல், காரணம் சொல்லப்படாத வரவுகளில்தான். பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்களின் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவர் பகிர்ந்துகொண்ட நோபல் பரிசுக்கு அடித்தளமான கட்டுரை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, விற்க முன்வருவதே ஐயத்துக்குக் காரணமாகிவிடுகிறது என்பது அதன் சாரம். நல்ல வண்டியென்றால் இவர் ஏன் விற்கிறார்? நல்ல வாடிக்கையாளர் என்றால் அவர் ஏன் நமக்கு அனுப்புகிறார்? தாய்ப்பத்திரம் தொலைந்த வீடா, வழக்கில் இருக்கும் மனையா, ஐந்து தரகர்களை அலைக்கழித்துவிட்டு ஆறாவதாக வருபவரா?

2019-இல் அப்படி ஒருவர் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெருங்களத்தூரில் ஒரு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைந்த மனையில் தரைத்தள வீடு. மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊரில் வாடகைக்குப் போகவேண்டும். அனுப்பியவர், முந்தைய ஆண்டு எங்களிடமிருந்து ஒரு வாங்குநரைப் பாதி வழியில் கவர்ந்து சென்றவர். அதன்பின் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவரே அழைத்து, “பெரியவர் ரொம்ப நல்ல மனுசன். நீங்க பாத்தாத்தான் சரியா இருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

காகிதங்களைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டதாக நினைத்தோம். மனையை வாங்கியவர் பெரியவரின் தந்தை. உயில் எழுதாமல் இறந்துபோனார். பட்டா இன்னும் அவர் பெயரில். வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. ஆனால் வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும், பதிவாகாத உரிமைகளைக் காட்டாது. திருச்சியில் பெரியவரின் அக்காள் ஒருவர் இருக்கிறார். தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. அக்காள் கையெழுத்து இல்லாமல் வீட்டை முழுதாக விற்க முடியாது. முடிச்சை அவிழ்க்கும் வேலையை நம் தலையில் கட்டிவிட்டார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஆனால் அது அப்படியொன்றும் அவிழ்க்க முடியாத முடிச்சு இல்லை. அக்காள் தம்பி பெயருக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் போதும். குடும்பத்தாருக்குள் எழுதப்படும் அத்தகைய பத்திரத்துக்கு அப்போது முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 25,000 ரூபாய், பதிவுக்கட்டணம் 4,000. எந்த ஆவண எழுத்தருக்கும் தெரிந்த விஷயம். இருபது ஆண்டு அனுபவமுள்ள அந்தத் தரகருக்குத் தெரியாமலா இருக்கும்?

திருச்சிக்குப் போய் அந்த அம்மாளைப் பார்த்தோம். “பங்கு வேண்டாம்னு சொல்ல மாட்டேன் தம்பி. எனக்கும் பேரப்பிள்ளைங்க இருக்கு. ஆனா இப்ப அவனுக்குத்தான் தேவை” என்றார். ஒரு தொகையைத் தம்பியும் அக்காளும் பேசி முடிவுசெய்தார்கள். எங்கள் எதிரில் பேசவேண்டாம் என்று திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொண்டோம்.

மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் வெளிப்பட்டது. அப்பகுதியில் அடுக்குமாடி கட்டும் ஒருவரின் ஆள் எங்களிடம் வந்தார். அதே வீட்டைப் பற்றி விசாரித்தார். ஏற்கெனவே அந்தத் தரகர் மூலம் கேட்டதாகவும், வாரிசுச் சிக்கலைக் காட்டி விலையைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்தியிருந்ததாகவும், பெரியவருக்கு அவசரம் என்பதால் ஒப்புக்கொள்வார் என்று காத்திருந்தபோது, “பெரியவர் விக்கிற எண்ணத்த விட்டுட்டார்” என்று தரகர் சொல்லிவிட்டதாகவும் குறைபட்டுக்கொண்டார். அந்தக் கட்டுநர்தான் அந்தத் தரகருக்கு ஆண்டு முழுதும் வேலை கொடுப்பவர் என்பது ஊரறிந்த செய்தி.

ஆக, அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். சோறு போடுகிற கட்டுநர். தன்னை நம்பி வந்த பெரியவர். பெரியவருக்கு உண்மையைச் சொன்னால் கட்டுநரை இழப்பார். சொல்லாவிட்டால் பெரியவர் வீட்டை இழப்பார். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் முகவரின் கடமைகளை ஓர் அத்தியாயம் முழுக்க வகுத்துவைத்திருக்கிறது. இருபுறமும் தரகு வாங்கும் எங்கள் ஊர்த் தரகர் யாருடைய முகவர் என்ற கேள்விக்கு அங்கே எளிதில் விடை கிடைக்காது. அவர் மூன்றாவதாக ஒரு வழி கண்டார். பெரியவரைத் தன் பகையாளியிடம் அனுப்பினார். கட்டுநரின் செல்வாக்கு எட்டாத இடம் அதுதான் என்று கணித்திருக்கிறார். கட்டுநரிடம் ஒரு பொய்யும் சொன்னார். அந்தப் பொய்யை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது என்று எங்களுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

வந்த ஆளிடம், வீடு விற்பனைக்கு இருக்கிறது, விலை இது, ஒரு மாதத்தில் பத்திரங்கள் சீராகிவிடும் என்றோம். யார் அனுப்பினார் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவர் திரும்பி வரவுமில்லை. வங்கிக் கடனில் வீடு தேடிய ஒரு தம்பதியர் நியாயமான விலைக்கு வாங்கினார்கள். வங்கியின் வழக்கறிஞர் முதலில் கேட்டது அந்த விடுதலைப் பத்திரத்தைத்தான்.

பதிவு முடிந்த அன்று மாலை தரகரை அழைத்து, அவர் பங்கு தயாராக இருக்கிறது என்றோம். சற்று நேரம் பேச்சில்லை. “அது வேணாம்ணே. அத வாங்குனா நான் செஞ்சது வேற மாதிரி ஆயிடும்” என்றார். கட்டுநர் காதுக்கு எட்டிவிடும் என்ற அச்சமும் அதில் கலந்திருக்கலாம். எப்படியானாலும் அவர் வேண்டாம் என்று விட்டது எங்களுடையதாகிவிடாது. பெரியவர் தரவேண்டிய இரண்டு விழுக்காட்டில் ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு, மற்றது அவரை அனுப்பியவர் விட்டுக்கொடுத்தது என்று விளக்கினோம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அவர் அன்னிக்கே, ‘என்கிட்ட விக்காதீங்க’ன்னு சொல்லிட்டார் சார். ஏன்னு நான் கேக்கல” என்றார்.

அதன்பின் எங்களுக்கென்று சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம். போட்டியாளர் ஒருவரை அனுப்பினால் அன்றே அவரை அழைத்து நன்றி சொல்லி, காரணத்தையும் நேராகக் கேட்டுவிடுவோம். பலர் சொல்லிவிடுகிறார்கள்; கேட்பாரில்லாததால்தான் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். தரகில் அனுப்பியவருக்கும் பங்குண்டு என்பதை வாடிக்கையாளரிடம் முதல் சந்திப்பிலேயே தெரிவிப்போம். பத்திரங்களை இதுவரை யாருமே பார்க்காததுபோல் முதலிலிருந்து பார்ப்போம். முடிந்தாலும் முறிந்தாலும் அனுப்பியவருக்குச் செய்தி சொல்வோம். அனுப்பியவரைப் பற்றி வாடிக்கையாளர் என்ன குறை சொன்னாலும் அதற்குத் தலையாட்டுவதில்லை.

இவை எவையும் பயன்படாத வரவு ஒன்றும் உண்டு. “உங்ககிட்டதான் இவங்களுக்குக் கிடைக்கும்” என்று சொல்லி அனுப்பப்படுபவர்கள். முஸ்லிம் குடும்பம், தனியாக வாழும் பெண், சாதியைக் கேட்டபோது சொல்ல மறுத்த இளைஞர். இங்கே காரணத்தைக் கேட்க வேண்டியதில்லை. அனுப்பியவர் தன் வீட்டு உரிமையாளர்களின் மனம் கோணாமல், தன் வாயால் ‘இல்லை’ என்று சொல்லாமல், பொறுப்பை நாசூக்காகக் கைமாற்றுகிறார். 2005-இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தின் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சிகளாகவே வரையறுத்துக்கொள்வதை அனுமதித்துத் தீர்ப்பளித்தது. தனிப்பட்ட உரிமையாளர் வாய்மொழியாகச் சொல்லும் ‘வேண்டாம்’ எந்தக் காகிதத்திலும் ஏறுவதே இல்லை.

எங்களால் முடிந்தது ஒன்றுதான். ‘இன்னார் வேண்டாம்’ என்று நிபந்தனை வைக்கும் வீடுகளை எங்கள் பட்டியலில் ஏற்பதில்லை என்று முடிவுசெய்தோம். பட்டியல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. இந்த முடிவு ஊரில் பரவியபின் இத்தகைய வரவுகள் கூடிவிட்டன. இருக்கும் வீடுகளோ போதவில்லை. ஒரு குடும்பத்தை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அழைத்துப்போய்க் காட்டி, ஐந்தாம் வாரம் வண்டலூரில் ஒரு மாடிப்பகுதி அமைந்தது. அனுப்பிய தரகருக்கு வழக்கப்படி பாதி வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். அடுத்த முறை இதுபோல் ஒருவர் வந்தால், தன் உரிமையாளர்களில் இரண்டு பேரிடமாவது கேட்டுப்பார்த்துவிட்டு அனுப்பும்படி சொன்னோம். “கேட்டா வீட்ட வேற ஆளுகிட்ட குடுத்துடுவாங்கண்ணே” என்றார். அவர் பயமும் பொய்யில்லை.

சென்ற மாதம் ஓர் அம்மாள் எங்களிடம் வந்தார். அவர் விற்க விரும்பிய வீட்டுக்கு அடுத்த மனை எங்களில் ஒருவரின் மைத்துனருடையது. வெகுநாளாக அவர் அந்த வீட்டின்மீது கண் வைத்திருக்கிறார். யாருக்குத் தொலைபேசி செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. “அண்ணே, ஒரு பார்ட்டிய அனுப்புறோம்” என்று ஆரம்பித்ததுமே அவர் மறித்து, “ஏன்னு மொதல்ல சொல்லுங்க” என்றார். சொன்னோம்.