கடல் கடக்கும் மரச்சிற்பம்

கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட மாவட்டம். அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறான கல்வராயன் மலை நிற்க, அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கிச் சமவெளிக்கு இறங்குகிறது. இம்மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் செதுக்கப்படும் மரச்சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயரும் தரமும் அது உருவாகும் இடத்தோடு பிணைந்தவை என்பதற்கான சட்டப் பாதுகாப்பு, வழங்கப்பட்டது. இச்சிற்பங்களைப் பற்றி எழுதுவோர் மரத்தையும் உளியையும் சிற்ப அளவுகளையும் விரிவாகப் பேசுகின்றனர். ஆனால் முடிந்த சிற்பம் பட்டறைத் தரையிலிருந்து மலேசியாவிலோ கனடாவிலோ உள்ள ஒரு வீட்டின் பூசையறைக்குச் சிதையாமல் போய்ச் சேரும்படி அதைப் பொதிகிற வேலையைக் கைத்திறனாக எவரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பொதிதல் சிற்ப வேலையின் கடைசிப் படி என்பதும், அந்தப் படி யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே விலையும் நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்த நிலப்பகுதி வெளிநாட்டு வணிகத்துக்குப் புதியதன்று. கல்வராயன் மலையில் இன்றும் சேகரிக்கப்படும் கடுக்காய், தோல் பதனிடுவதற்கு வேண்டிய துவர்ப்புப் பொருள் என்ற அளவில், ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்திய மலைகள் பலவற்றிலிருந்து கோணிகளில் கட்டப்பட்டுக் கப்பலேறிய சரக்கு. கோணியில் கொட்டித் தைத்துவிட்டால் கடுக்காய்க்கு வேறு பாதுகாப்பு வேண்டியதில்லை. உருண்டாலும் அடிபட்டாலும் அதன் மதிப்பு குறையாது. சிற்பமோ ஒரு விரல் முறிந்தாலே விற்பனைக்கு உதவாமல் போகும் பொருள், அதிலும் தெய்வத் திருமேனியாக இருந்தால் பின்னமான உருவத்தை வாங்கியவர் வழிபாட்டில் வைக்கவே மாட்டார்.

பட்டறைகளைச் சென்று பார்க்கும் எவரும், பொதிவதற்கான முன்னேற்பாடு மரத்தைத் தேர்வதிலேயே தொடங்கிவிடுவதைக் காணலாம். வாகை, வேம்பு, மா முதலிய மரங்கள் இங்கே உளிக்கு வருகின்றன. தமிழகத்தின் காற்றில் நன்கு உலர்ந்த மரத்தில்கூட அதன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடும் அதற்கு மேலும் ஈரம் தங்கியிருக்க, குளிர்நாட்டில் பனிக்காலத்தில் சூடேற்றப்படும் வீட்டில் அது 6 முதல் 8 விழுக்காடு வரை இறங்கிவிடுகிறது. மரம் அவ்வளவு ஈரத்தை விடும்போது சுருங்குகிறது, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காததால் வெடிக்கிறது. ஆகவே முகத்தின் நடுவே விழும் வெடிப்புக்குப் பல நேரங்களில் பெட்டியோ அஞ்சல்காரரோ காரணமல்லர், பச்சை வாடை போகாத கட்டையில் அவசரமாக வைத்த உளியே காரணம். மாறாக, ஈரம் மீந்த சிற்பத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால், கப்பலின் கொள்கலனுக்குள் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி வர, உள்ளே வியர்த்துப் பூஞ்சை படியும். சிலிகா ஜெல் பொட்டலங்கள் அந்த ஈரத்தில் ஒரு பகுதியை உறிஞ்சும். உலராத மரத்தை அவற்றால் காப்பாற்ற முடியாது.

பொதிகிற முறை சிற்பத்தின் உடலமைப்பைப் பின்பற்றுகிறது. நின்ற கோலத்து அம்மன் உருவத்தை எடுத்துக்கொண்டால், முதலில் முறிவது தூக்கிய கையின் விரல்கள், அடுத்து ஆயுதத்தின் நுனி, அதன்பின் உருவத்தைச் சூழ்ந்து வளைந்து நிற்கும் திருவாசி. எனவே ஆயுதத்தையும் திருவாசியையும் தனியே செதுக்கி, முளையடித்துப் பொருத்தும்படி அமைத்தால், அவற்றைக் கழற்றித் தனித்தனியே சுற்றி அதே பெட்டியில் வைக்கலாம்; கழற்ற முடியாத விரல்களை மெல்லிய தாளை முறுக்கி ஒவ்வொன்றாகச் சுற்றி, கைக்கும் உடலுக்கும் இடையே உள்ள வெளியை நுரைத் துண்டுகளால் நிரப்புகின்றனர். வெளியை நிரப்புவதன் நோக்கம் மெத்தென்று இருப்பது மட்டுமன்று: பெட்டி விழும்போது உண்டாகும் விசை கையின் வழியே செல்லாமல் பருத்த உடலுக்கும் பீடத்துக்கும் போக வேண்டும், பாரம் முழுவதையும் பீடமே தாங்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. எந்த இடம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்பதை மரத்தின் ரேகை ஓடும் திசையை அறிந்தவரே சொல்ல முடியும். குறுக்கு ரேகையில் அமைந்த விரல், பார்வைக்குப் பருமனாக இருந்தாலும், தட்டினால் உதிர்ந்துவிடும்.

மெருகும் கவனம் கேட்கிறது. வார்னிஷ் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தாலும் உள்ளே இறுகப் பல நாள் ஆகும். அதற்குள் காற்றுக் குமிழித் தாளை நேரடியாகச் சுற்றிவிட்டால், வெயிலில் நின்ற வண்டியின் சூட்டில் குமிழிகளின் வட்டத் தழும்பு மெருகின் மேல் வரிசையாகப் பதிந்துவிடும். செய்தித்தாளைச் சுற்றினால் அச்சு மை ஏறிவிடும். இவ்விரண்டையும் தவிர்க்க முதல் சுற்றுக்கு அச்சிடாத மென்தாள் அல்லது மெல்லிய நுரைத்தாள், அதன்மேல் குமிழித்தாள் என்பதே பிழையற்ற வரிசை. இப்படிச் சுற்றிய சிற்பத்தைச் சிறிய அட்டைப் பெட்டியில் அசையாமல் நிறுத்தி, அந்தப் பெட்டியை எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் அளவு இடம் விட்டு ஐந்தடுக்கு அல்லது ஏழடுக்கு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, இடைவெளியை நிரப்பி மூடுகின்றனர். மூடியபின் காதருகே தூக்கிக் குலுக்கிப் பார்ப்பது எளிய சோதனை. உலகளவில் பொதிவுச் சோதனைக்குப் பின்பற்றப்படும் ஒரு முறை, ஏறத்தாழ 9.5 கிலோவுக்கு உட்பட்ட பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு மூலை, மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள் என்று பத்து முறை போட்டுப் பார்க்கச் சொல்கிறது. அந்த உயரம் ஒரு மேசையின் உயரம்தான். வழியில் எத்தனை மேசைகளிலிருந்து பெட்டி விழும் என்பதைப் பொதிபவர் நினைத்துப் பார்த்தாக வேண்டும்.

ஆனால் பாதுகாப்பு கூடக்கூடக் கட்டணமும் ஏறுகிறது. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதைக் கன அளவு எடை என்று கொண்டு, உண்மை எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே பணம் கேட்கின்றன. 60, 45, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியின் கன அளவு எடை 21.6 கிலோ, உள்ளிருக்கும் சிற்பமும் பொதிவும் சேர்ந்து 9 கிலோதான் என்றாலும் 21.6 கிலோவுக்கே கட்டணம். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் குறைத்தால் மிச்சமாகும் பணம், சிறிய சிற்பமானால் அதைச் செதுக்கியவரின் கூலிக்கு நிகராக வரக்கூடும். கழற்றி மாட்டும் திருவாசி இந்த இடத்திலும் கைகொடுக்கிறது.

இடைவெளியை நிரப்ப நெல் விளையும் ஊரில் வைக்கோலைவிட மலிவான பொருள் இல்லை. எனினும் பூச்சியும் விதையும் தாவர நோயும் அதன் வழி நுழையும் என்பதால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் வைக்கோல் வைத்த பொதியை ஏற்பதில்லை. கனமான சிற்பங்களுக்கு மரச்சட்டப் பெட்டி அடிக்கும்போது வேறொரு விதி குறுக்கே வருகிறது. சீனாவிலிருந்து சென்ற பொதிமரங்களோடு ஆசிய நீள்கொம்பு வண்டு அமெரிக்காவுக்குள் புகுந்தது 1996இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் கண்டறியப்பட்டது. இத்தகைய பூச்சிப் பரவலைத் தடுக்க 2002இல் தாவரப் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தர விதி 15 வகுக்கப்பட்டது. அதன்படி பொதிக்குப் பயன்படும் மரத்தின் உள்மையம் வரை 56 பாகை செல்சியசில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்ற வேண்டும், அல்லது மெத்தில் புரோமைடு புகையூட்டுவது போன்ற ஏற்கப்பட்ட வேறு முறையைக் கையாள வேண்டும். பின்னர் கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டுக் குறி, செய்தவரின் எண், முறையின் குறி ஆகியவற்றைக் கொண்ட முத்திரையை மரத்தின் மேல் பதிக்க வேண்டும். பிசினும் வெப்பமும் அழுத்தமும் கொண்டு செய்த ஒட்டுப்பலகைக்கும், ஆறு மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய பலகைக்கும் இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. இதை அறியாமல் பட்டறையில் மீந்த சட்டங்களைக் கொண்டு அடித்த பெட்டி, உள்ளே இருக்கும் சிற்பம் குற்றமற்றதாயினும், துறைமுகத்திலேயே நிறுத்தப்படலாம்.

பொதிக்கு வெளியே ஒட்டும் தாள்களும் பொதிவின் உறுப்பே. ஈட்டி மரம் அடங்கிய தால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் அழிவுநிலை உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், அம்மரச் சிற்பத்துக்கு, எடையைப் பொறுத்து, உரிய சான்று வேண்டியிருக்கும். அமெரிக்காவின் லேசி சட்டம் 2008இல் திருத்தப்பட்டபின், மரத்தின் தாவரவியல் பெயரையும் அது வெட்டப்பட்ட நாட்டையும் இறக்குமதியின்போது அறிவிக்க வேண்டியுள்ளது. கட்டையை முகர்ந்தே வாகை என்று சொல்லும் கைவினைஞரிடம் அல்பீசியா லெபெக் என்று எழுதித் தருமாறு வாங்குபவர் கேட்கிறார். எழுதித் தருவதற்கு ஓர் இடைத்தரகர் தேவைப்படுகிறார், தரகர் வந்ததும் வாங்குபவரின் முகவரி அவரிடம் போய்விடுகிறது.

அஞ்சல் துறை 2022இல் தொடங்கிய டாக் கர் நிர்யாத் கேந்திரா என்னும் ஏற்றுமதி நிலையங்கள் பட்டறைக்கும் வாங்குபவருக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைக் குறைக்கக் கூடியவை. ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெற்ற சிறு பட்டறை, சுங்க அறிவிப்பை இணையவழியே நிரப்பிப் பொதியை அருகிலுள்ள நிலையத்தில் ஒப்படைக்க இவை வழி செய்கின்றன. அந்த வழியும் எப்போதும் திறந்தே இருப்பதன்று: 800 டாலர் வரை மதிப்புள்ள பொதிகளுக்கு அமெரிக்கா அளித்துவந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கப்பட்டதை ஒட்டி, இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பெரும்பாலான பொதிகளை ஆகஸ்ட் 25 முதல் நிறுத்தி, அக்டோபர் 15 அன்றுதான் மீண்டும் ஏற்றது. பல நாடுகளில் வாடிக்கையாளர் உள்ள பெரிய ஏற்றுமதியாளர் இத்தகைய இடைவேளையைச் சமாளிக்கலாம். ஓர் ஊர்ப் பட்டறையால் முடியாது.

செதுக்கக் கற்பிக்கப் பயிற்சிகள் உண்டு. பொதியக் கற்பிக்கவும் வேண்டும். மரத்தை உலர்த்தும் பொதுச் சூடகம், அளவுக்கேற்ப அட்டைப் பெட்டி வெட்டும் எந்திரம், முத்திரை பெற்ற பொதிமரம், படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் ஆகிய நான்கும் கள்ளக்குறிச்சியில் ஒரே கூரையின்கீழ் அமைந்தால், புவிசார் குறியீட்டின் பயனில் பெரும்பங்கு செதுக்கியவரின் வீட்டுக்கே வரும். அப்பயிற்சியில் முதலில் சொல்லித் தர வேண்டியது, பெட்டி வழியில் திறக்கப்படும் என்பதே. சுங்க அலுவலர் ஆய்வுக்காகத் திறந்த பெட்டியை மறுபடி மூடுபவர் சிற்பத்தை அறியாதவர். ஆகவே மேல்புறம் மட்டும் திறக்கும்படி பெட்டியை அமைத்து, எந்தத் துண்டு எங்கே நின்றது என்பதைக் காட்டும் நிழற்படம் ஒன்றை மூடியின் உட்புறம் ஒட்டி, அதன் கீழே திருவாசியின் முளை எந்தத் துளையில் பொருந்தும் என்பதையும் வரைந்து அனுப்ப வேண்டும்.