சாடியின் அடியில் எழுதிய கை

பழம்பொருள் சந்தையில் இத்தாலியச் சாடி ஒன்றைக் கையில் எடுப்பவர், அதன் நிறத்தில் மயங்குவதற்கு முன் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். நியூ ஜெர்சியில் வாழும் அந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைக்கும் அதுவே பழக்கம். அடியில் பெரும்பாலும் தூரிகையால் எழுதிய ஓர் எண்ணும், 'இத்தாலி' என்ற ஒரே சொல்லும் இருக்கும். செய்தவரின் பெயர் இராது.

அச்சொல்லும் இத்தாலிய மொழியில் இல்லை. இத்தாலியர் தம் நாட்டை 'இத்தாலியா' என்பர். சாடியில் இருப்பதோ ஆங்கில வடிவம். இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்று 1890-இல் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம் விதித்தது. 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. ஆகவே சூளைக்கூடத்துத் தொழிலாளி தன் நாட்டின் பெயரை, வாங்குபவரின் மொழியில் எழுதினார்.

இவற்றுள் புகழ்பெற்றவை பல, ஃபுளோரன்ஸ் நகருக்கு மேற்கே ஆர்னோ ஆற்றங்கரையில் உள்ள மொன்டெலூப்போவிலிருந்து வந்தவை. பல நூற்றாண்டுகளாக மட்பாண்டத்தால் வாழும் ஊர் அது. 1921-இல் அங்கே தொடங்கப்பட்ட பித்தோசி நிறுவனத்தில், 1946-இல் ஆல்டோ லோந்தி கலை இயக்குநரானார். போரில் பிடிபட்டுத் தென்னாப்பிரிக்காவில் கைதியாக இருந்து திரும்பியவர் அவர். ஈரக் களிமண்ணில் சிறு அச்சுகளால் கோலங்களை அழுத்தி, ஆழ்நீலமும் பச்சையும் கலந்த மெருகுப் பூச்சிட்டுச் சுட்ட 'ரிமினி நீலம்' வரிசை அவருடைய படைப்பு. நியூயார்க்கின் ரேமோர் போன்ற இறக்குமதியாளர்கள் அத்தகைய சாடிகளை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தனர். அவர்கள் ஒட்டிய காகிதச் சீட்டுகள் பல காலப்போக்கில் உதிர்ந்தன. எண்ணும் நாட்டுப்பெயருமே எஞ்சின.

அந்த வெற்றிடத்தை விற்பவர்கள் லோந்தியின் பெயரால் நிரப்புகின்றனர். பெயர் ஏறினால் விலையும் ஏறும். ஆனால் அதே வட்டாரத்தில் வேறு பல பட்டறைகளும் அதே பாணியில் சாடிகள் செய்தன. அவற்றின் அடியிலும் 'இத்தாலி' என்றே இருக்கும்.

ஆசிரியையும் உயரமான நீலச் சாடி ஒன்றை லோந்தியுடையது என்று நம்பி வாங்கி, பன்னிரண்டு ஆண்டுகள் அலமாரியின் நடுத்தட்டில் வைத்திருந்தார். ஐயத்துக்கு இடமற்ற லோந்தி சாடி ஒன்றின் அருகே அதை வைத்துப் பார்த்த நாளில் வேறுபாடுகள் தெரிந்தன. அடியில் தெரிந்த மண்ணின் நிறம், அச்சு பதிந்த ஆழம், எண்ணை எழுதிய முறை ஆகிய மூன்றுமே பொருந்தவில்லை. அதே மாதம் அதனை வாங்க ஒருவர் வந்தார். "லோந்திதானே?" என்று அவர் கேட்டது ஒரு முறைதான். ஆமென்றிருந்தால் அவ்வாண்டின் வீட்டு வரியைக் கட்டியிருக்கலாம்.

"யார் செய்தது என்று தெரியவில்லை" என்றார் ஆசிரியை. வந்தவர் நன்றி கூறிச் சென்றார்.

சீட்டில் இருந்த பெயரை அன்றிரவு அடித்துவிட்டு, 'பெயர் அறியாத பட்டறை, இத்தாலி' என்று எழுதினார். பிறகு சாடியை மீண்டும் கவிழ்த்துப் பார்த்தார். எண்ணில் இருந்த ஏழின் வால் சற்றே இழுபட்டிருந்தது. ஈரத் தூரிகையை விரைவாக எடுத்த கையின் தடம். பன்னிரண்டு ஆண்டுகள் அதைப் பார்த்தும், அங்கே ஒரு மனிதர் இருந்ததை அவர் கவனித்தது அன்றுதான். சாடி நடுத்தட்டிலேயே இருக்கிறது.