வெள்ளை வீட்டுக்குள் செட்டிநாட்டுத் தூண்கள்... கொழும்பில் ஓர் உலக வரவேற்பறை!

கொழும்பு காலி வீதியில் ஹாரன் சத்தம் ஓய்வதே இல்லை. அங்கிருந்து பகத்தல வீதிக்குள் திரும்பினால் கொஞ்சம் அமைதி. அதிலிருந்து பிரிவது 33-வது ஒழுங்கை. நம்மூரில் சந்து என்பதை இலங்கைத் தமிழில் இப்படி அழகாகச் சொல்கிறார்கள். அந்த ஒழுங்கை முடியும் இடத்தில் இருக்கிறது 11-ம் எண் வீடு. வெளியிலிருந்து பார்த்தால், ‘இதைப் பார்க்கவா இவ்வளவு பேர் வருகிறார்கள்?’ என்று தோன்றும்.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது 1934-ம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் கார். அதைத் தாண்டினால் நீளமான நடை. தரை வெள்ளை, சுவரும் வெள்ளை. நடையின் கோடியில் கூரையில்லாத சிறிய முற்றம். மேலிருந்து கொட்டும் வெளிச்சத்தில், கடைந்த மரத்தூண்கள் நிற்கின்றன. காரைக்குடிப் பக்கம் போய் வந்தவர்களுக்குச் சட்டென அடையாளம் தெரிந்துவிடும். ஆம், அவை செட்டிநாட்டுத் தூண்கள்!

இது ஜெஃப்ரி பாவாவின் வீடு. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். கோட்டையில் ஏரி நடுவே நிற்கும் அந்நாட்டு நாடாளுமன்றம் இவர் வடிவமைத்ததுதான். வக்கீலுக்குப் படித்துவிட்டு, அது பிடிக்காமல் லண்டனில் மறுபடி படித்து, 38 வயதில்தான் கட்டடக் கலைஞரானார். 2003-ல் காலமானார்.

இந்த ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில்தான் 1958-ல் குடியேறினார் பாவா. பக்கத்து வீடுகள் காலியாகக் காலியாக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். 1968-க்குள் நான்கும் ஒரே வீடாகிவிட்டன. இப்படி ஒட்டிச் சேர்த்த வீட்டில் நடுவில் இருக்கும் அறைகளுக்கு ஜன்னல் எங்கே வைப்பது? கூரையை ஆங்காங்கே திறந்துவிட்டார். சில முற்றங்கள் நாலு பேர் நிற்கவே சிரமப்படும் அளவுக்குச் சிறியவை. ஆனால், வீட்டின் மொத்த அழகும் அவற்றில்தான் இருக்கிறது.

‘குளோபல் ஸ்டைல், நியூட்ரல் கலர்’ என்பது இப்போது வீட்டு அலங்காரத்தில் பெரிய ட்ரெண்ட். சாம்பல் நிற சோபா, மொராக்கோ டிசைன் குஷன், ஜப்பானியக் காகித விளக்கு, மூலையில் ஒரு புத்தர் தலை என எல்லாமே ஒரே ஆப்பில், ஒரே நாளில் ஆர்டர் ஆகி வந்திருக்கும். (புத்தர் தலையை இப்படி ஷோபீஸாக வைப்பதை இலங்கையில் மரியாதைக் குறைவாகவே பார்ப்பார்கள் என்பது தனிக்கதை.) வந்து சேர்ந்த பிறகு, ‘போட்டோவில் இருந்த அழகு நம் ஹாலில் ஏன் வரவில்லை?’ என்ற வருத்தம் மிஞ்சும்.

காரணத்தை இந்த வீடு காட்டுகிறது. வெள்ளைக்கு வெளிச்சம் வேண்டும். அதுவும் டியூப்லைட் வெளிச்சம் அல்ல, நேரத்துக்கு நேரம் மாறுகிற பகல் வெளிச்சம். அது இல்லாத வெள்ளை அறை ஆஸ்பத்திரி வார்டு போலத்தான் இருக்கும். இங்கே பகல் முழுக்க சுவரின் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பின்னணியில், ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் வரைந்த கதவும், ஈரோ சாரினெனின் ஒற்றைக்கால் நாற்காலிகளும், செட்டிநாட்டு மரமும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. ஒவ்வொரு பொருளையும் சுற்றிக் காலி இடம் விட்டிருக்கிறார். கையில் காசும் அறையில் இடமும் இருக்கும்போது எதையும் வாங்கி வைக்காமல் இருப்பது லேசான காரியமா என்ன!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாவா திருமணம் செய்துகொள்ளவில்லை. சோபாவில் கிரேயான் கிறுக்கும் பிள்ளைகளோ, சுவரில் சாய்த்து வைத்த சைக்கிளோ இல்லாத வீடு இது. அந்த வெள்ளைத் தரையை நம் வீட்டில் போட்டால், தினமும் துடைப்பவர் யார் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

அந்தத் தூண்கள் கடல் தாண்டி வந்த கதையும் அவ்வளவு இனிப்பானது அல்ல. பர்மா தேக்கும், இத்தாலி மார்பிளும், பெல்ஜியம் கண்ணாடியும் கொண்டுவந்து வீடு கட்டியவர்கள் நகரத்தார். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அவர்களின் வழுவழுப்பான வெள்ளைச் சுவர்களைப் பார்த்தால், ‘குளோபல் ஸ்டைல், நியூட்ரல் கலர்’ இரண்டுமே அங்கே எப்போதோ வந்துவிட்டது புரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பர்மா வியாபாரம் கைவிட்டுப் போனது. வாரிசுகள் ஊர் ஊராகப் பிரிந்தார்கள். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் எனும்போது, ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது? பல வீடுகள் இடிக்கப்பட்டன. தூணும் கதவும் நிலையும் தனித்தனியாக விலைக்கு வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

பாவா வாங்கியிருக்காவிட்டால் அந்தத் தூண்கள் என்னவாகியிருக்கும்? விறகாகக்கூடப் போயிருக்கலாம். அந்த வகையில் அவர் காப்பாற்றினார் என்பது சரிதான். ஆனால், வாங்க ஆள் இருந்தால் இடிக்கவும் ஆள் வரும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த முற்றத்தில் நின்றால், அழகோடு ஒரு சின்ன உறுத்தலும் சேர்ந்தே வருகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இடிந்தது போக மிச்சம் இருப்பதையாவது காக்க வேண்டிய நேரம் இது.

வீட்டு அலங்காரத்துக்குப் பழைய தூண் தேடுபவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் 100 வருடம் பழையது என்றால், தனிநபர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூர் மகன் வீட்டுக்கு அனுப்பலாம் என்று வாங்கிவிட்டுத் தவிக்க வேண்டாம்.

கொழும்பு வீட்டை இப்போது ஜெஃப்ரி பாவா அறக்கட்டளை பராமரிக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும், வழிகாட்டி கூடவே வருவார். மாடியில் தங்கவும் அறைகள் உண்டு. பாவாவின் பழைய அலுவலகம் அருகிலேயே ஆல்ஃபிரட் ஹவுஸ் வீதியில் ‘கேலரி கஃபே’ என்ற உணவகமாகிவிட்டது. வீட்டைப் பார்த்த கையோடு அங்கே ஒரு காபி குடிக்கலாம்.

விமானம் ஏற வழியில்லை என்பவர்களுக்கு மதுரையே இருக்கிறது. கோச்சடையில் மில் அதிகாரிகளுக்காக 1970-களில் பாவா வடிவமைத்த கிளப், இன்று ‘ஹெரிடேஜ் மதுரை’ ஹோட்டல் வளாகத்துக்குள் இருக்கிறது. வைகைக் கரைக்குப் பக்கம்தான். பகல் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள்.