ஓய்வுக்குப் பின் ஒரு பட்டறை

திண்டுக்கல்லின் மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் தகடு வெட்டுவதில் தொடங்கிச் சாவி ராவி முடிப்பதுவரை ஒரே ஆள் செய்துவிடலாம். பட்டறைகளில் ஒருவர் வெட்ட, ஒருவர் லீவர் பொருத்த, இன்னொருவர் ரிவிட் அடிக்க என்று பிரித்துக்கொள்வது வேகத்துக்காகத்தான். தொழில் முழுதும் தெரிந்தவருக்கு ஒரு மேசை, ஒரு வைஸ், நாலைந்து அரம், சுத்தியல், துளைபோட ஒரு டிரில்லிங் மெஷின் இருந்தால் போதும். பணி ஓய்வு பெற்றுத் தனியாளாய்த் தொழில் தொடங்க நினைப்பவருக்குத் திண்டுக்கல் தரும் பெரிய வசதி இது. நாகல்நகர்ச் சந்து ஒன்றில், அப்படித் தொடங்கிய ஒரு பெரியவரின் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

சிறுவயதில் அப்பாவோடு பட்டறைக்குப் போய்க் கற்றவர். அலிகாரிலிருந்து மெஷினில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்து குவிந்தபோது இங்கே கூலி கட்டுப்படியாகவில்லை. பஞ்சு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டார். 58 வயதில் மில்லை விட்டு வந்தவருக்குக் கையில் பி.எஃப். பணமும் மாதாமாதம் சொற்ப ஓய்வூதியமும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய்தான். அதற்குச் சற்றே மேலே வாங்குகிறார்.

“மளிகைக் கடை வைக்கச் சொன்னாக. எனக்கு அது தெரியாது தம்பி. இது தெரியும்” என்று அரத்தை எடுத்துக் காட்டினார்.

வந்த பணத்தை மொத்தமாய்ப் போட்டு, பழகாத ஒரு கடையைத் திறந்து, இரண்டு வருடத்தில் இழுத்து மூடியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவர் பி.எஃப். பணத்தைத் தொடவே இல்லை. அப்பாவின் கருவிகள் பரணில் கிடந்தன. துருவைத் தேய்த்து எடுத்தார். வைஸும் டிரில்லிங் மெஷினும் பழையதாய் வாங்கிப் போட்டார். முதலில் புதுப்பூட்டு செய்யவே இல்லை, ரிப்பேர் மட்டும்தான். சாவி தொலைந்த பீரோ, இறுகிப்போன குடோன் பூட்டு, கிராமத்துக் கோயில் உண்டியல் என்று ஒவ்வொன்றாய் வந்தன. ரிப்பேருக்குச் சரக்கு வாங்கிக் குவிக்க வேண்டாம், காசும் அன்றைக்கே கைக்கு வந்துவிடும். தனியாள் தொழிலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆர்டர் வந்தால் மாங்காய்ப் பூட்டும் செய்கிறார். நான் போன அன்று ஒரு பூட்டுக்கு லீவர் ராவிக்கொண்டிருந்தார். சாவியின் ஒவ்வொரு பல்லும் உள்ளே ஒரு லீவரைத் தூக்கும். எல்லா லீவரும் ஒரே சமயத்தில் அதனதன் உயரத்துக்கு வந்தால்தான் நடுவில் வழி நேராகித் தாழ் நகரும். ஒன்று மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் நகராது. அரத்தால் இரண்டு இழுப்பு, சாவியைப் போட்டு ஒரு திருப்பு, மறுபடி இரண்டு இழுப்பு. திருப்பும்போது காதைப் பூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். எந்த லீவர் தட்டுகிறது என்பது சத்தத்திலேயே அவருக்குத் தெரிகிறது. கையால் ராவுவதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் வந்ததே இதனால்தான்.

சாவியைத் திருப்பும்போது மணியடிக்கும் பூட்டு, கள்ளச்சாவி போட்டால் கத்தி பாய்ந்து கையை வெட்டும் பூட்டு எல்லாம் இந்த ஊரில் செய்திருக்கிறார்கள். “மணிப்பூட்டு நான் செய்வேன், கேக்கத்தான் ஆள் இல்ல” என்றார். அந்தக் கை ஓய்வதற்குள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

கணக்கெல்லாம் வீட்டம்மா. பாலிஷ் போடுவதும் அவர்தான். புதுப்பூட்டு செய்யத் தொடங்கியபோது கடைகளுக்கு டஜன் கணக்கில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பணம் மாதக்கணக்கில் இழுத்தது. “கடனுக்குக் கொடுக்கவே கூடாதுன்னு நோட்டுல மொதப் பக்கத்துலயே எழுதிட்டேன்” என்றார் அந்த அம்மா. பாதிப் பணம் முன்னாலேயே வாங்கிக்கொண்டுதான் இப்போது தகட்டில் கை வைக்கிறார்கள்.

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே மாவட்டத்துப் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே மாதம்தான். ஊருக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் குறியீட்டைத் தன் பூட்டில் போட்டுக்கொள்ள, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்ய வேண்டும் என்பது இவருக்குத் தெரியாது. குறுந்தொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயதைக் கடந்த கைவினைஞர்களுக்கானது. 3 லட்சம் ரூபாய்வரை கடன், 25 சதவீதம் மானியம், அதில் உச்சவரம்பு 50,000 ரூபாய். கடன் வேண்டாம் என்கிறார் இவர். இந்த வயதில் அது நியாயமான முடிவு. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கும் முதலில் விவரம் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஒருவர் நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டித் தெருக்களில் நடந்து, வயதான பூட்டுக்காரர்களை வீட்டிலேயே பார்த்துப் பதிவு செய்து தந்தால் பெரிய உதவி.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பீரோவோ பெட்டியோ திறக்காவிட்டால் உடனே வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் அறுத்துவிடாதீர்கள். திண்டுக்கல் பக்கம் வரும்போது பூட்டை எடுத்து வாருங்கள், விசாரித்தால் இவரைப் போன்ற ஒருவரை யாரும் காட்டிவிடுவார்கள். புதுப்பூட்டு வேண்டுமென்றால் செய்பவரிடமே நேரில் சொல்லி வாங்குங்கள். அலிகார் விலையைச் சொல்லிப் பேரம் பேசாமல், பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.