நூறடிக் கம்பி

வீட்டை விட்டு ஈராயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து டில்லியில் படிக்கும் நம் போன்றோருக்கு, ஊரோடு உள்ள உறவெல்லாம் ஏதாவது ஒரு கம்பியின் வழியாகத்தான் வந்து சேருகிறது. சிலருக்கு அது அம்மாவின் தொலைபேசி. சிலருக்கு நண்பர்களின் வாட்ஸ்அப் குழு. எனக்கு அது ஓர் இணைய விளையாட்டு. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் மேலே படிக்கட்டும்.

மதுரையில் எனக்கு ஒரு தம்பி உண்டு. அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் அவனோடு பேசுவது வற்றிய கிணற்றில் வாளியை இறக்குவதற்கு ஒப்பாகும். "சாப்பிட்டாயா?" என்றால் "ம்". "படிக்கிறாயா?" என்றால் அதற்கும் "ம்". ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட உட்கார்ந்துவிட்டால் அவன் வேறு ஆள். நானும் அவனும் அவனுடைய பள்ளித் தோழர் மூவரும் ஓர் அணி. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே கிடைக்கும் சில நொடிகளில் வீட்டுச் செய்தி, பள்ளிச் செய்தி, அப்பாவின் கோபம் எல்லாம் அவன் வாயிலிருந்து தாமாக வந்து விழும்.

சென்ற டிசம்பர் மாதத்தில் இந்த இணைப்பு கெட்டது. ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கும். பத்து நிமிடத்தில் திரை உறைந்து நிற்கும். நான் ஆட்டத்திலிருந்தே தூக்கி எறியப்படுவேன். மீதி நால்வரும் எதிரிகள் ஐவரிடம் அடி வாங்குவார்கள். "உன் அண்ணனுக்குத் தோற்கும்போது மட்டும் லைன் போய்விடுகிறதே!" என்று தோழர்கள் அவனைக் கேலி செய்யலானார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் இரவு, "அண்ணே, அப்பாவிடம் இப்போது சொல்லாதே. எனக்கு..." என்று அவன் தொடங்கினான். அந்தச் சொல்லோடு இணைப்பு அறுந்தது. மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். "ஒன்றுமில்லை, விடு" என்றான். மார்ச்சில் பொதுத் தேர்வு. என் மனம் ஒரு நிலையில் இல்லை.

இத்தகைய நேரத்தில் யோசனை சொல்வதற்கு நண்பர்களுக்கா பஞ்சம்? "கம்பெனியை மாற்று" என்றார் ஒருவர். "புது ரூட்டர் வாங்கு" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "இரவு ஒன்பது மணிக்கு ஊரே உட்கார்ந்து படம் பார்க்கிறது. நெரிசல் இருக்கத்தானே செய்யும்?" என்றார். இதுதான் எல்லாவற்றிலும் அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றியது. ஆயினும், பணம் செலவிடுமுன் அளந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அளக்கும் கருவி எல்லாருடைய கணிப்பொறியிலும் இலவசமாகவே இருக்கிறது. 'பிங்' என்பது அதன் பெயர். 1983-இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்பது போல, "இருக்கிறாயா?" என்று ஒரு செய்தியை அனுப்பி, "இருக்கிறேன்" என்ற பதில் எத்தனை மில்லி செகண்டில் வருகிறது என்று அது சொல்லும். பதிலே வராவிட்டால் அதையும் சொல்லும்.

என் அறையிலிருந்து விளையாட்டுச் சர்வருக்குப் போகும் வழியை மூன்று துண்டாகப் பிரித்தேன். அறையிலிருந்து கீழ்வீட்டு ரூட்டர் வரை ஒன்று. ரூட்டரிலிருந்து கம்பெனி வரை ஒன்று. அதற்கு அப்பால் மும்பைச் சர்வர் வரை ஒன்று. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்த வேகத்திலும் டில்லியிலிருந்து மதுரைக்கு நேராகப் போய்த் திரும்ப 20 மில்லி செகண்டு ஆகிவிடும். தொலைவில் தாமதம் இருப்பது இயற்கை. ஆனால் ஒரே வீட்டுக்குள் கம்பி வழியாகப் போய்வர 1 மில்லி செகண்டு கூட ஆகக் கூடாது.

ஒன்பது மணிக்கு மூன்று துண்டுகளையும் ஒரே நேரத்தில் சோதித்தேன். நூறு முறை கேட்டதில் பதினேழு முறை கீழ்வீட்டு ரூட்டரே பதில் தரவில்லை! ஊர் நெரிசலும் மும்பைச் சர்வரும் ஒரு நொடியில் விடுதலை பெற்றன. நோய் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அடுத்த நாள் அதே நேரத்தில் மடிக்கணிப்பொறியைக் கீழே தூக்கிச் சென்று, ஒரு மீட்டர் நீளமுள்ள வேறு கேபிளால் ரூட்டரோடு நேரே இணைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பதில்கூடத் தவறவில்லை. ஆகவே கணிப்பொறியும் ரூட்டரும் நிரபராதிகள். எஞ்சியது, எனக்கு முன் குடியிருந்தவர் இழுத்துவிட்டுப் போன நூறடிக் கேபிள் ஒன்றே.

நான் இருப்பது முனிர்க்காவில் மொட்டை மாடி அறை. இங்கே அதற்கு 'பர்ஸாத்தி' என்று பெயர். மூன்று தளங்களைத் தாண்டி வைஃபை ஏறி வராது, அதனால்தான் கேபிள். அதனுள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக ஓடுகின்றன. இப்படி முறுக்கினால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒன்றுபோலத் தாக்கி, கடைசியில் கழிந்துபோகும். தொலைபேசி கண்ட கிரகாம் பெல் 1881-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். என் கணிப்பொறி பகலில் 1000 என்று காட்டியது. இரவில் 100 என்று காட்டியது. சில வேளைகளில் ஒன்றுமே காட்டவில்லை. இரவில் மட்டும் ஏதோ ஒரு ஜோடி அறுகிறது என்பது இதன் பொருள்.

பகலில் நலமாக இருக்கும் கம்பி இரவு ஒன்பது மணிக்கு ஏன் அறுகிறது? கேபிளைக் கையால் தடவிக்கொண்டே படியிறங்கினேன். இரண்டாம் தளத்தில் மாடிப்படிக்கு ஓர் இரும்புக் கதவு உண்டு. கேபிள் அதன் கீல் பக்கத்து இடுக்கின் வழியாக நுழைந்து போனது. வீட்டுக்காரரின் தாயாரை நாங்கள் மாதாஜி என்று அழைப்போம். டிசம்பர் பிறந்துவிட்டால் குளிர்காற்றுக்கு அஞ்சி, ஒன்பது மணிக்கெல்லாம் அவர் அந்தக் கதவைச் சாத்திவிடுவார். என் அறைத் தோழரை மேலே நிறுத்தி, கேபிள் செருகும் இடத்திலுள்ள விளக்கைப் பார்க்கச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். "அணைந்தது!" என்று குரல் வந்தது. திறந்தேன். "எரிகிறது!" என்றார். மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு முறிந்திருந்தது.

மாதாஜியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பேட்டா, கதவைத் திறந்துபோட்டால் என் முழங்கால் என்ன ஆகும்?" என்று இந்தியில் கேட்டார். நியாயமான கேள்வி. எனவே கதவு சாத்தியே இருக்கட்டும், கேபிளே வேறு வழியில் போகட்டும் என்று முடிவாயிற்று. கதவுக்கு மேலே ஒரு வெண்டிலேட்டர் இருந்தது. சுவரைத் துளைக்க வேண்டிய அவசியமும் நேரவில்லை.

நேரு பிளேஸ் கடைத்தெருவில் முப்பது மீட்டர் கேபிள் வாங்கினேன். அங்கே மலிவாகக் கிடைப்பதில் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதும் உண்டு. அது வளைத்தால் எளிதில் முறியும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். இரு முனைகளிலும் வண்ண வரிசை ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. ஜோடி பிரியாமலும் இருக்க வேண்டும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்பது வழக்கமான வரிசை. அன்றிரவு கதவு சாத்தியபின் ஆயிரம் முறை பிங் அனுப்பினேன். ஆயிரம் பதிலும் வந்தன.

மூன்றாம் நாள் ஆட்டத்தின் நடுவே தம்பி சொன்னான்: "அண்ணே, எனக்கு என்ஜினீயரிங் வேண்டாம். வரலாறு படிக்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் நீதான் அப்பாவிடம் சொல்ல வேண்டும்." சொல்கிறேன் என்றேன். அந்தச் சுற்றில் நாங்கள் இருவருமே சுடப்பட்டோம், யாரும் கவலைப்படவில்லை. ஏப்ரலில் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் கடைசிவரை கேட்டார்.

சங்கத்து நண்பர்களே, உங்கள் அறையில் இணைப்பு தடுமாறினால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் அருகிலிருப்பதை முதலில் சோதியுங்கள். எந்த நேரத்தில் கெடுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் வேறென்ன நடக்கிறது என்று பாருங்கள். பிறகு கேபிளைக் கையால் தடவிக்கொண்டே ஒரு நடை போய் வாருங்கள். முனையைப் பொருத்தும் கிரிம்பிங் கருவி என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்குத் தருவேன், திருப்பித் தந்துவிட வேண்டும்.